வரிக்கு அருகே ஒரு குறிப்பு: செயற்கை நுண்ணறிவின் வரைவைத் திருத்தும் முறை

செயற்கை நுண்ணறிவுக் கருவிக்கு எழுத்தில் இடப்படும் கட்டளைக்கு 'பிராம்ப்ட்' என்று பெயர். கருவி எழுதித் தந்த வரைவில் பிழை இருந்தால், அதைத் தனிக் கட்டளையாக விவரிக்காமல், வரைவையே படியெடுத்து, பிழையுள்ள வரியை ஒட்டித் திருத்தத்தை எழுதி, முழுவதையும் கருவியிடம் திருப்பிக் கொடுக்கலாம். இந்த இடைவரிக் குறிப்பு முறையில், குறிப்புகள் ஏறிய ஆவணமே பிராம்ப்டாக அமைகிறது.

1960களில் உருவான அம்பத்தூர் தொழிற்பேட்டையிலும் கனரக வாகனத் தொழிற்சாலை அமைந்த ஆவடியிலும் இயந்திர வேலை செய்வோருக்கு இதன் அடிப்படை நன்கு தெரிந்ததே. டிராயிங்கில் ஓர் அளவு மாற வேண்டுமானால், அந்த அளவைச் சிவப்பு மையால் வட்டமிட்டு, சரியான எண்ணைப் பக்கத்திலேயே எழுதுவார்கள். குறிப்பு நிற்கும் இடமே எதைத் திருத்த வேண்டும் என்பதைச் சொல்லிவிடுவதால், விளக்கம் இரண்டு சொல்லில் முடிந்துவிடுகிறது.

கருவியிடமும் இது பயன்படுவதற்குக் காரணம், அது எழுத்தைக் கையாளும் விதமே ஆகும். இத்தகைய கருவிகளை இயக்கும் இன்றைய மொழி மாதிரிகள், அசிஷ் வாஸ்வானி, நிகி பார்மர் உள்ளிட்ட எட்டு ஆய்வாளர்கள் 2017இல் வெளியிட்ட 'டிரான்ஸ்ஃபார்மர்' என்னும் கட்டமைப்பின் வழிவந்தவை. அவை உரையை 'டோக்கன்' எனப்படும் சிறு துண்டுகளாக்கி, ஒவ்வொரு துண்டும் மற்றவற்றோடு எவ்வளவு தொடர்புடையது என்பதைக் கணக்கிட்டு, அடுத்து வரவேண்டிய துண்டைத் தேர்ந்தெடுக்கின்றன. 'நான்காம் பத்தியின் மூன்றாம் வரி' என்று சொன்னால், எண்ணிப் பார்ப்பதில் கருவி தவறக்கூடும். வரியை ஒட்டியே குறிப்பு நின்றால் எண்ணிக் கண்டுபிடிக்கும் வேலையே எழுவதில்லை.

லேத்தில் கடையும் ஒரு தண்டுக்குக் கருவி எழுதிய வேலைமுறைத் தாளில் 'விட்டத்தை வெர்னியரால் அளக்கவும்' என்று இருப்பதாகக் கொள்வோம். அதன் அருகே, '[[டாலரன்ஸ் மொத்தமே 0.02 மி.மீ.; வெர்னியர் போதாது, மைக்ரோமீட்டர் என்று மாற்றவும்; மற்ற வரிகளைத் தொட வேண்டாம்]]' என்று எழுதினால், பிழை, காரணம், திருத்தம், எல்லை ஆகிய நான்கும் ஒரே இடத்தில் அமைகின்றன. (டாலரன்ஸ் என்பது அளவில் அனுமதிக்கப்படும் விலகல்; மைக்ரோமீட்டர் வெர்னியரைவிட நுண்மையாக அளக்கும் கருவி.) காரணத்தையும் சேர்த்து எழுதுவதால், அதே பிழை வேறு வரியில் இருந்தால் அதையும் சுட்டிக்காட்டுமாறு கருவியைக் கேட்க முடிகிறது. எல்லையைச் சொல்லாவிட்டால், சரியாக இருந்த வரிகளையும் அது மாற்றி எழுதிவிடக்கூடும்.

கருவிக்குக் குறிப்பும் மூலமும் ஒரே எழுத்தோட்டமாகவே சென்று சேர்வதால், மூலத்தில் எங்கும் வராத ஓர் அடையாளத்தை, மேலே கண்ட இரட்டை அடைப்பைப் போல, தேர்ந்து, அதற்குள் இருப்பவை திருத்தக் கட்டளைகள் என்றும், நிறைவேற்றிய பின் நீக்கப்பட வேண்டியவை என்றும் ஆவணத்தின் தொடக்கத்திலேயே அறிவித்துவிட வேண்டும்.

மென்பொருள் எழுதுவோர், கணினி இயக்காமல் கடந்துசெல்லும் விளக்க வரிகளை நிரலுக்குள் இடும் வழக்கத்தை நெடுங்காலமாகக் கொண்டிருப்பதால், இம்முறை அவர்களுக்கு இயல்பாகப் பொருந்தியது. 'எய்டர்' என்னும் திறமூலக் கருவி, கோப்புகளைக் கவனிக்கும் வசதியை இயக்கிவைத்தால், 'AI' என்ற ஆங்கில எழுத்துகளோடு வியப்புக்குறி சேர்ந்த விளக்க வரியைக் கண்டால் நிரலைத் திருத்துகிறது. வினாக்குறி சேர்ந்திருந்தால் விடை மட்டும் தருகிறது.

இதே இயல்பில் ஓர் ஆபத்தும் உண்டு. கோப்புக்குள் இருக்கும் எழுத்தைக் கருவி கட்டளையாக ஏற்கும் என்றால், பிறர் அனுப்பிய கோப்பில் மறைந்திருக்கும் தீய கட்டளையையும் அது ஏற்கக்கூடும். 'பிராம்ப்ட் இன்ஜெக்ஷன்' எனப்படும் இத்தாக்குதலுக்கு முழுமையான தீர்வு இன்னும் இல்லை. ஆகவே அயலார் கோப்பை முதலில் மனிதர் படித்துப் பார்ப்பதும், மூலப்படியைத் தனியே வைத்துத் திருந்திய படியோடு ஒப்பிடுவதும் இன்றியமையாதவை.

மைக்ரோமீட்டர் எங்கே தேவை என்பதை அறிந்தவர் பட்டறையில் வேலை பழகியவரே ஆவார். அவருடைய அறிவு, கணினிப் பயிற்சி ஏதும் இல்லாமலே, உரிய வரியில் தாய்மொழியிலேயே சென்று சேர வழி செய்வதுதான் இம்முறையின் பெரும்பயன்.