வேகம் இரட்டித்தால் விளைவு நான்கு மடங்கு

கோவையிலிருந்து பல்லடம், காங்கேயம், வெள்ளகோவில் வழியாகக் கரூர் செல்லும் நெடுஞ்சாலையில், அரிசியும் தேங்காய்ப் பருப்பும் ஏற்றிய லாரிகளுக்கிடையே நம் இளைஞர்கள் இருசக்கர வண்டிகளில் விரைவதை நாள்தோறும் காண்கிறோம். அவர்கள் அறிந்திருக்க வேண்டிய இயற்பியல் உண்மை ஒன்றை ஈண்டு விளக்க முற்படுகின்றோம். வேலை-ஆற்றல் தேற்றம் என்பது அதன் பெயர்.

ஒரு பொருளின்மீது செயற்படும் விசைகள் யாவும் சேர்ந்து செய்யும் வேலை, அதன் இயக்க ஆற்றலில் உண்டாகும் மாற்றத்திற்குச் சமம் என்பதே இத்தேற்றம். நிறையின் பாதியை வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கினால் இயக்க ஆற்றல் கிடைக்கும். ஆகவே வேகம் இருமடங்கானால் ஆற்றல் நான்கு மடங்காகும். ஹாலந்து அறிஞர் கிராவசாந்தே, பித்தளைக் குண்டுகளைக் களிமண்ணில் விழச்செய்து, குழியின் அளவு வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என 1722இல் காட்டினார்.

இனிக் கணக்கிற்கு வருவோம். பிரேக் பிடித்ததும் சக்கரத்திற்கும் சாலைக்கும் இடையிலுள்ள உராய்வு விசையே வண்டியை நிறுத்துகிறது. அவ்விசை வண்டியின் எடையில் பாதி எனவும், புவியீர்ப்பு முடுக்கம் 10 எனவும் கொள்வோம். உராய்வு விசையை நிற்கும் தொலைவால் பெருக்கினால் வருவது வேலை. அது வண்டியின் இயக்க ஆற்றலுக்குச் சமமாதல் வேண்டும். இருபுறமும் நிறை நீங்கிவிட, நொடிக்கு இத்தனை மீட்டர் என்னும் வேகத்தின் வர்க்கத்தைப் பத்தால் வகுத்தால் வருவதே நிற்கும் தொலைவு.

மணிக்கு 36 கிலோமீட்டர் என்பது நொடிக்கு 10 மீட்டர்; வண்டி 10 மீட்டரில் நிற்கும். 72 கிலோமீட்டர் என்பது நொடிக்கு 20 மீட்டர். வண்டி நிற்க 40 மீட்டர் தேவை. ஆபத்தைக் கண்டு பிரேக்கை அழுத்த ஒரு நொடி செல்லுமாயின், மொத்தத் தொலைவு முறையே 20, 60 மீட்டர்களாகும்.

30 மீட்டருக்கு அப்பால் ஒரு குழந்தை சாலையைக் கடக்கிறது எனக் கொள்வோம். முதலாமவர் 10 மீட்டர் முன்னரே நின்றுவிடுவார். இரண்டாமவர் பிரேக் பிடிக்கும்போது எஞ்சியிருப்பது 10 மீட்டரே. வேகத்தின் வர்க்கமாகிய 400இல் 100 மட்டுமே குறைந்து 300 எஞ்சும். அதாவது, மணிக்கு ஏறத்தாழ 62 கிலோமீட்டர் வேகத்தில் குழந்தைமீது மோதுவார்! வேகம் பாதியாகவும் குறையவில்லை என்பதை மாணவர்கள் ஊன்றி நோக்குக. மழை நனைத்த சாலையில் உராய்வு குறைவதால் நிலைமை இன்னும் கடுமையாகும்.

உயிரைக் காத்தல் இஸ்லாம் வலியுறுத்தும் கடமை. பனியன் கம்பெனி ஷிப்டுக்குப் பத்து நிமிடம் பிந்துவது ஈடுசெய்யத் தக்கது, உயிரிழப்போ அவ்வாறன்று. வேகத்தைக் குறைப்பவர் பிறர் உயிரையும் காக்கின்றார்.