அடுக்களையைப் புதுக்கும் முன்

அடுக்களையைப் பற்றி எழுத ஒரு வேதியியல் மாணவனுக்கு என்ன உரிமை என்று நண்பர்கள் கேட்கலாம். உரிமை உண்டு. ஆய்வுக்கூடத்தில் நாம் செய்வதையே நம் அன்னையர் அடுக்களையில் செய்கின்றனர். அளக்கின்றனர், கலக்கின்றனர், கொதிக்க வைக்கின்றனர், புளிக்க வைக்கின்றனர். ஆனால், ஆய்வுக்கூடம் கட்டும்போது மேசையின் உயரத்துக்கு ஒரு கணக்கு உண்டு. புகை வெளியேறும் வழிக்கு ஒரு கணக்கு உண்டு. தண்ணீர்க் குழாய்க்கும் மின்சாரத்துக்கும் கணக்கு உண்டு. நாள்தோறும் நான்கைந்து மணி நேரம் ஒருவர் நின்று உழைக்கும் அடுக்களைக்கு மட்டும் அந்தக் கணக்கு வேண்டாமா?

எங்கள் குடும்பம் மதுரையிலிருந்து புனேக்குக் குடியேறிப் பதின்மூன்று ஆண்டுகள் ஆகின்றன. கட்கியில் பழைய கட்டடம் ஒன்றில் தந்தையார் ஒரு வீட்டை வாங்கினார். அதன் அடுக்களை எட்டடிக்கு ஏழடி. அம்மாவின் முதுகுவலி முற்றி, குனிந்து நிற்பதைக் குறைக்கவேண்டும் என்று மருத்துவர் சொன்ன பிறகே, அந்த அறையை மாற்றும் எண்ணம் பிறந்தது. ஓய்வுக் காலத்துக்கென்று சேர்த்த பணத்திலிருந்து தந்தையார் ஒரு பகுதியை எடுத்து வைத்தார். வரைபடம் போடுவது முதல் கட்டி முடிப்பது வரை ஒரே நிறுவனத்திடம் ஒப்படைப்பது என்றும் முடிவாயிற்று. வீட்டில் மராத்தி நன்கு பேசுபவன் நான்; ஆதலால் மொழிபெயர்ப்பும் வரைபடம் பார்த்தலும் என் தலையில் விழுந்தன. அப்போது கற்றவற்றையே இங்கே கூறுகிறேன். இந்தப் பணம் ஒரு முறைதான் வரும். செலவழிந்தபின் வலி அப்படியே இருந்தால் மறுமுறை செலவிட வழியில்லை. நம்மில் பலர் நாளை நம் பெற்றோருக்காக இத்தகைய ஒப்பந்தத்தைப் படிக்கவேண்டி வரும்.

யாருடைய அளவு?

அடுக்களையைக் கணக்கிட்டுக் கட்டும் முயற்சி புதியதன்று. அமெரிக்காவில் கிறிஸ்டின் பிரெடரிக் என்ற அம்மையார், தொழிற்சாலைகளில் அசைவுகளை எண்ணி வீண் உழைப்பைக் குறைத்த முறையை 1912-லேயே வீட்டு வேலைக்குப் பொருத்தி எழுதினார். அவருடைய கருத்துகளைக் கற்ற ஆஸ்திரியக் கட்டடக் கலைஞர் மார்கரெட் ஷூட்டே-லிஹோட்ஸ்கி, 1926-இல் ஜெர்மனியின் பிராங்க்பர்ட் நகரக் குடியிருப்புகளுக்கு ஓர் அடுக்களையை வகுத்தார். அகலம் ஏறத்தாழ 1.9 மீட்டர், நீளம் ஏறத்தாழ 3.4 மீட்டர். இரயில் வண்டியின் உணவுப் பெட்டியில் உள்ள குறுகிய சமையலறை அவருக்கு ஒரு முன்மாதிரி. ஏறத்தாழப் பத்தாயிரம் வீடுகளில் அந்த அடுக்களை அமைந்தது. பின்னர் 1940-களில் இல்லினாய்ஸ் பல்கலைக்கழகத்தார், அடுப்பு, தண்ணீர்த் தொட்டி, குளிர்பெட்டி ஆகிய மூன்றையும் இணைக்கும் முக்கோணத்தைக் கொண்டு அடுக்களையை அளக்கலாயினர். அந்த விதிப்படி ஒவ்வொரு பக்கமும் நான்கு அடிக்குக் குறையாமலும் ஒன்பது அடிக்கு மிகாமலும் இருக்கவேண்டும். மூன்றும் சேர்ந்து இருபத்தாறு அடியைத் தாண்டலாகாது.

நம் நாட்டிலும் இச்சிந்தனை இருந்தது. ஐதராபாத்தில் எஸ். பி. ராஜு என்ற பொறியியலறிஞர் புகையில்லா அடுப்புகளை ஆராய்ந்து எழுதிய நூல் 1953-இல் சென்னையில் வெளியாயிற்று. கண்ணெரிச்சலும் இருமலும் அடுப்படியின் விதியல்ல, அவற்றை நீக்கமுடியும் என்பதே அவர் முயற்சியின் அடிப்படை.

நிற்க. முக்கோண விதி நல்ல விதிதான். ஆனால் அது ஆட்டுக்கல்லை அறியாத நாட்டில் பிறந்த விதி. நம் அடுக்களையில் நான்காவது மூலை ஒன்று உண்டு. அது கிரைண்டரும் மிக்சியும் இருக்கும் இடம். வந்த வடிவமைப்பாளர்கள் காட்டிய முதற் படங்களில் சப்பாத்தி தேய்க்க இடம் இருந்தது. கிரைண்டருக்கு இடம் இல்லை. இது அவர்கள் குற்றமன்று. நாம் சொல்லாவிட்டால் அவர்கள் அறியமாட்டார்கள். ஆகவே முதல் வேலை, வீட்டில் சமைப்பவரை ஒரு வாரம் கவனித்து எழுதுவது. எந்தப் பாத்திரம் நாள்தோறும் இறங்குகிறது? எது பண்டிகைக்கு மட்டும்? அரிசி கழுவும் இடத்திலிருந்து உலை வரை எத்தனை எட்டு? இப்பட்டியல் இல்லாமல் வடிவமைப்பாளரை அழைத்தால், அவர் தம் கைவசமுள்ள அடுக்களையையே நமக்கும் தருவார். இன்னொன்று: அவர் கேள்விகளைத் தந்தையிடமும் மகனிடமும் கேட்பார். அம்மாவிடம் கேட்கும்படி நாம்தான் திருப்பிவிடவேண்டும்.

ஒரே உயரம் போதாது

புனேயில் சமையல் மேடையை 'ஓட்டா' என்பார்கள். எங்களுக்கு வந்த படத்தில் ஓட்டாவின் உயரம் முழுவதும் 34 அங்குலம், அதாவது 86 செ.மீ. என்றிருந்தது. அம்மாவின் உயரம் 152 செ.மீ.; நேராக நின்று கையை மடக்கினால் தரையிலிருந்து முழங்கை 95 செ.மீ. காய் நறுக்க மேடை, முழங்கைக்குப் பத்து முதல் பதினைந்து செ.மீ. கீழே இருப்பது நலம். அப்படியானால் 80 முதல் 85 வரை. 86 என்பது ஏறத்தாழச் சரிதானே என்று தோன்றும்.

ஆனால் அடுப்பைப் பாருங்கள். மேடை 86, அதன்மேல் அடுப்பு 12, அதன்மேல் குக்கர் 18. விளிம்பு 116 செ.மீ.-இல் நிற்கிறது, முழங்கைக்கு 21 செ.மீ. மேலே! ஒவ்வொரு முறை கிளறும்போதும் தோளைத் தூக்கவேண்டும். தொட்டியில் இதற்கு நேர்மாறு. இருபது செ.மீ. ஆழமுள்ள தொட்டியின் அடியில் கை புழங்குவது 66 செ.மீ.-இல்; அங்கே முதுகு வளைகிறது. நாம் பௌதிகத்தில் படிக்கும் நெம்புகோல் விதிதான் இது. உடலின் மேற்பகுதி முன்னே சாயச்சாய, அந்தப் பாரத்தைத் தாங்க முதுகுத் தசை பன்மடங்கு இழுக்கவேண்டும்.

ஆகவே அடுப்பின் கீழ் மேடை தாழவேண்டும், தொட்டி உயரவேண்டும், நறுக்குமிடம் இடையே நிற்கவேண்டும். படி வைத்தால் கல்லில் இணைப்பு விழும், அழுக்குச் சேரும் என்று நிறுவனத்தார் சொன்னது நியாயமே. அதனால் அடுப்பின் இடத்தை மட்டும் 74 செ.மீ.-க்கு இறக்கி, மற்றதை 84-இல் நிறுத்தி, ஆழம் குறைந்த தொட்டியைத் தேர்ந்தோம். இணைப்பு இரண்டு விழுகிறது. முதுகுக்கு அது மலிவான விலை.

கல்லும் புளியும்

இந்நகரின் பழைய வீடுகளில் ஓட்டா பெரும்பாலும் கறுத்த கடப்பா கல். தரை பல வீடுகளில் ஷஹாபாத் கல். முன்னது ஆந்திரத்துக் கடப்பையிலிருந்தும், பின்னது கர்நாடகத்து ஷஹாபாத்திலிருந்தும் பெயர் பெற்றவை. இரண்டும் சுண்ணாம்புக்கல் இனம். சுண்ணாம்புக்கல்லில் பெரும்பகுதி கால்சியம் கார்பனேட்டு. அமிலம் பட்டால் கரையும். புளியில் டார்டாரிக் அமிலம்; எலுமிச்சையில் சிட்ரிக் அமிலம்; தயிரில் லாக்டிக் அமிலம். நம் சமையலோ இம்மூன்றும் இல்லாமல் நடவாது! புளிக்கரைசல் சிந்திய இடம் மங்கிப்போவது இதனால்தான். சலவைக்கல்லுக்கும் இதே கதி. கிரானைட்டு சிலிக்கேட்டுத் தாதுக்களால் ஆனது, புளிக்கு அசையாது. கடையில் கறுப்புக் கல் எல்லாம் ஒன்றுபோல் தோன்றினால், ஒரு துண்டை வாங்கிவந்து எலுமிச்சைச் சாற்றை ஓரிரவு விட்டுப் பார்க்கலாம்.

மரத்திலும் இப்படியே. 'நல்ல பிளைவுட்' என்ற சொல்லுக்கு ஒப்பந்தத்தில் பொருள் இல்லை. இந்தியத் தர நிர்ணயத்தில் ஐ.எஸ். 303 என்பது பொதுப் பயன்பாட்டுக்குரியது, ஐ.எஸ். 710 என்பது நீரைத் தாங்கும் கடல்தரப் பலகை. தொட்டியின் கீழுள்ள அலமாரிக்குப் பின்னதையே எழுதிக் கேட்கவேண்டும். பலகையில் முத்திரை இருக்கும். ஒட்டி மூடுவதற்கு முன்னே பார்த்துவிடவேண்டும்.

காற்றும் வாயுவும்

ஒரு கிலோ சமையல் வாயு எரிந்தால் ஏறத்தாழ மூன்று கிலோ கரியமில வாயுவும், ஒன்றரைக் கிலோவுக்குச் சற்று மேற்பட்ட நீராவியும் உண்டாகின்றன. 14.2 கிலோ சிலிண்டர் நாற்பது நாள் வரும் வீட்டில், நாளொன்றுக்கு அரைக் கிலோவுக்கு மேற்பட்ட தண்ணீர், கொதிக்கும் குழம்பின் ஆவி நீங்கலாக, காற்றில் கலக்கிறது. சன்னல் அடைத்த அடுக்களையில் சுவர் பூஞ்சை பிடிப்பதில் வியப்பென்ன? தாளிப்புப் புகையின் நுண்துகள் வேறு. புகைபோக்கி, புகையைக் குழாய் வழியே வெளியே தள்ளுவதாக இருக்கவேண்டும். குழாயின்றி வடிகட்டி அறைக்கே திருப்பும் வகை, எண்ணெயைப் பிடிக்கும். ஆவியையும் கரியமில வாயுவையும் நமக்கே தந்துவிடும்.

புனேயில் பல குடியிருப்புகளுக்கு இப்போது குழாய் வழியே இயற்கை எரிவாயு வருகிறது. அதைத் தரும் மகாராஷ்டிரா நேச்சுரல் கேஸ் நிறுவனம் 2006-இல் தொடங்கப்பட்டது. சிலிண்டர் வாயு காற்றைவிட ஒன்றரை முதல் இரண்டு மடங்கு கனம். கசிந்தால் தரையில் தேங்கும். ஆகவே சிலிண்டர் வைக்கும் அலமாரிக்குக் கீழே துளை வேண்டும். குழாய் வாயு பெரும்பாலும் மீத்தேன், காற்றின் கனத்தில் பாதிக்குச் சற்றே மேல், மேலெழும். அதற்கு மேலே திறப்பு வேண்டும். இரண்டையும் எண்ணித் திட்டமிடுவது நலம். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறும்போது அடுப்பின் நுண்துளைக் குழலையும் மாற்றவேண்டும். அந்த வேலையையும் குழாய் நகர்த்தும் வேலையையும் வாயு நிறுவனத்தின் அங்கீகாரம் பெற்றவரே செய்யவேண்டும், தச்சரிடம் விடலாகாது.

மாவுக்கும் ஓர் இடம் கேட்டோம். மார்கழி, தை இரவுகளில் புனேயின் வெப்பம் பத்துப் பன்னிரண்டு டிகிரிக்கு இறங்கிவிடும். மாவைப் புளிக்கச் செய்யும் நுண்ணுயிர்களுக்கு முப்பது டிகிரி உவப்பானது. குளிர்பெட்டி வெளிவிடும் வெப்பம் எட்டும் பக்கத்தில் மூடிய அலமாரி ஒன்றை அமைக்கச் சொன்னபோது, வடிவமைப்பாளர் முதலில் சிரித்தார். காரணம் கேட்டபின் குறித்துக்கொண்டார்.

மின்சாரக் கணக்கு எளிது. வாட்டை 230-ஆல் வகுத்தால் ஆம்பியர். 750 வாட் மிக்சி 3.3, 2,000 வாட் மின்காந்த அடுப்பு 8.7. பழைய வீட்டின் ஒற்றைக் கம்பியில் எல்லாவற்றையும் மாட்டலாகாது. அடுக்களைக்குத் தனி இணைப்பும், 30 மில்லியாம்பியர் கசிவிலேயே துண்டிக்கும் காப்புக் கருவியும் வேண்டும். ஈரக்கையின் இடம் அது.

ஒப்பந்தம் பேசுதல்

மூன்று நிறுவனங்களிடம் மதிப்பீடு கேட்டோம். ஒன்று, 'சமையலறை வேலை முழுவதும்' என்று ஒரே வரியில் ஒரு தொகையை எழுதித் தந்தது. இன்னொன்று சதுர அடி விலை மட்டும் சொன்னது. மூன்றாவது, பலகை, கல், கீல், குழாய், கூலி என்று பிரித்து எழுதியிருந்தது. தொகையில் மூன்றாவதே பெரியது. ஆனால் அது ஒன்றுதான் ஒப்பிடத்தக்கது. மற்ற இரண்டிலும் எது அடங்கும், எது அடங்காது என்று கேட்கக்கேட்கத் தொகை ஏறிற்று.

வடிவமைப்பும் கட்டுமானமும் ஒரே கையில் இருப்பதில் ஒரு நன்மை உண்டு. படம் தவறா, வேலை தவறா என்று இருவர் ஒருவரையொருவர் கைகாட்ட முடியாது. ஒரு குறையும் உண்டு. வரைந்தவரே கட்டுவதால், நமக்காக அவரைச் சரிபார்ப்பவர் யாருமில்லை. இதற்கு மருந்து, வரைபடத்துக்குத் தனியாகக் கட்டணம் கொடுத்து, அதை நம் உடைமையாக்கிக்கொண்டு, பிறகு கட்டுமான ஒப்பந்தம் பேசுவது. தரைப்படம், சுவர்ப்படம், குழாய்ப்படம், மின்படம் நான்கும் கையில் வந்தபின்னரே கையெழுத்து.

பணத்தை நாளுக்கு அல்ல, வேலைக்குக் கட்டவேண்டும். இடித்தல், குழாயும் மின்கம்பியும் பதித்தல், நீர்க்காப்பு, ஓடு, மேடை, அலமாரி, கடைசியில் புகைபோக்கி. இவ்வரிசையில் ஒவ்வொரு படிக்கும் ஒரு தவணை. நீர்க்காப்பு முடிந்ததும் இருபத்துநான்கு மணி நேரம் தண்ணீர் தேக்கிக் கீழ்வீட்டுக் கூரையைப் பார்த்தபிறகே ஓடு பதிக்கவேண்டும். ஒரு பகுதிப் பணத்தை, எல்லாம் ஒரு மாதம் பழகியபின் தருவதாக எழுதிக்கொள்ளவேண்டும். இடையில் செய்யும் மாற்றம் எதுவும் விலையோடு எழுத்தில் இருக்கவேண்டும். இங்கே கணபதி விழாவிலும் தீபாவளியிலும் வேலையாட்கள் ஊர் போய்விடுவார்கள். நாட்கணக்கை அதற்கேற்பப் போடுக.

கூட்டுறவு வீட்டுச் சங்கத்தின் அனுமதி முதலிலேயே வேண்டும். தூணையும் உத்தரத்தையும் தொடலாகாது. தொட்டியைக் கீழ்வீட்டாரின் படுக்கையறைக்கு மேலே நகர்த்துவதும் தகாது. எல்லாம் செய்தும் நிறுவனம் ஏமாற்றினால், 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி மாவட்ட ஆணையத்தில் முறையிடலாம். ஆனால் அங்கே பேசுவது நம் கண்ணீரன்று, எழுத்து. விவரமான ஒப்பந்தம் இருந்தால் பெரும்பாலும் அங்கே போகவேண்டியும் இராது.

தீபாவளி கழிந்ததும் எங்கள் வீட்டு வேலை தொடங்க இருக்கிறது. அதன் பலனை அம்மாவின் முதுகுதான் சொல்லவேண்டும். நண்பர்களே, நாம் கற்கும் பௌதிகமும் வேதியியலும் தேர்வுத்தாளோடு நின்றுவிட வேண்டியவை அல்ல. அடுத்த விடுமுறையில் வீட்டுக்குப் போகும்போது ஓர் அளவு நாடாவை எடுத்துச் செல்லுங்கள். அம்மாவின் முழங்கை உயரத்தையும் அடுக்களை மேடையின் உயரத்தையும் அளந்து பாருங்கள். இரண்டு எண்களுக்கும் இடையே எவ்வளவு தூரம் என்று தெரிந்தாலே, என்ன செய்யவேண்டும் என்பது பாதி விளங்கிவிடும்.