ஒரே ஒயரில் இரண்டு கம்ப்யூட்டர்: ஸ்விட்ச் ஏன் மறுக்கிறது?

வீட்டிற்கு வரும் இன்டர்நெட் ஒயர் ஒன்று, கம்ப்யூட்டர்கள் இரண்டு. ஒரு சிறிய ஸ்விட்ச் வாங்கி இரண்டையும் இணைத்துவிட்டால் வேலை முடிந்தது என்றுதான் பலரும் நினைப்போம். நானும் அப்படித்தான் நினைத்தேன். இன்ஜினியரிங் படித்தவன் என்ற தைரியம் வேறு!

2020ஆம் ஆண்டு ஊரடங்கு மாதங்களில், கொரட்டூரில் எங்கள் வீட்டில் லோக்கல் ஆபரேட்டர் ஒருவரின் இணைப்பு இருந்தது. மாடியிலிருந்து இறங்கிய ஒயர் நேராக டெஸ்க்டாப்பில் செருகப்பட்டிருந்தது. அதில் தங்கைக்கு ப்ளஸ் டூ ஆன்லைன் வகுப்பு. லேப்டாப்பில் எனக்கு ஆபீஸ் வேலை. சேர்ந்து சில மாதங்களே ஆன வேலை. ஸ்விட்ச்சை மாட்டினேன். டெஸ்க்டாப் இயங்கியது, லேப்டாப்பில் இன்டர்நெட் வரவில்லை. ஆபரேட்டருக்குப் போன் செய்தால், "ஒரு சிஸ்டம்தான் தம்பி எடுக்கும்" என்றார்.

இதற்குக் காரணம் மேக் அட்ரஸ். ஒவ்வொரு நெட்வொர்க் கார்டுக்கும் 48 பிட் நீளமுள்ள முகவரி ஒன்று உண்டு. விண்டோஸில் கமாண்ட் ப்ராம்ப்ட் திறந்து 'ஐபிகான்ஃபிக் /ஆல்' கட்டளையைக் கொடுத்தால், 'பிசிகல் அட்ரஸ்' என்ற வரியில் 12 இலக்கங்களாக இது தெரியும். ஆபரேட்டரின் ஸ்விட்ச், எங்கள் போர்ட்டில் டெஸ்க்டாப்பின் முகவரியை மட்டும் பதிந்து வைத்திருந்தது. வேறு முகவரியுடன் வரும் தகவலைத் தள்ளிவிடும்.

அடுத்து ரௌட்டர் வாங்கினேன். ரௌட்டர் உள்ளே பல கம்ப்யூட்டர்கள் இருந்தாலும் வெளியே தன் ஒரே முகவரியைத்தான் காட்டும். ஆனால் அதுவும் புதிய முகவரிதானே? இப்போது இரண்டுமே இயங்கவில்லை! ரௌட்டர் செட்டிங்ஸில் 'மேக் குளோன்' வசதி இருந்தது. அவசரத்தில் லேப்டாப்பிலிருந்து கிளிக் செய்து, பதிவில்லாத லேப்டாப் முகவரியையே காப்பி செய்துவிட்டேன். தங்கைக்கு அன்று ஒரு வகுப்பு போயிற்று. பிறகு டெஸ்க்டாப்பிலிருந்து செய்ததும் இரண்டிலும் இணைப்பு கிடைத்தது. நேரான வழி, ரௌட்டரின் முகவரியை ஆபரேட்டரிடம் கொடுத்துப் பதியச் சொல்வது. மறுநாள் அதைத்தான் செய்தேன்.

இதே சிக்கல் அலுவலகங்களில் பெரிய அளவில் வரும். அங்கே மேஜை மீதுள்ள ஐபி போனுக்குள் ஒரு குட்டி ஸ்விட்ச் இருக்கும். சுவரிலிருந்து வரும் ஒயர் போனுக்கும், போனிலிருந்து இன்னொரு ஒயர் கம்ப்யூட்டருக்கும் போகும். ஆக, ஒரு போர்ட்டில் இருவர். இவர்களைச் சோதிக்க 2001ல் வெளியான 802.1எக்ஸ் என்ற தரம் பயன்படுகிறது. யூசர் நேம், பாஸ்வேர்ட் அல்லது சான்றிதழைக் கேட்டு, ரேடியஸ் சர்வர் சரி என்ற பின்னரே ஸ்விட்ச் வழிவிடும்.

போர்ட்டை எப்படி அமைக்கிறார்கள் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. ஒருவர் சரியாக லாக் இன் செய்தால் பின்னால் உள்ள எல்லாரையும் விடுவது ஒரு முறை. கொரட்டூர் ஸ்டேஷனில் முன்னால் போகிறவரின் டிக்கெட்டை மட்டும் பார்த்துக் கூட்டத்தையே விடுவது போன்றது இது, எனக்குப் பிடிக்காது. போனுக்கு ஒன்று, கம்ப்யூட்டருக்கு ஒன்று எனத் தனித்தனியாகச் சோதித்து, இரண்டையும் வெவ்வேறு விலேன்களில் விடுவது இன்னொரு முறை. ஒவ்வொரு மேக் அட்ரஸையும் தனியாகச் சோதிப்பது மூன்றாவது.

இதிலும் ஒரு ஓட்டை உண்டு. கம்ப்யூட்டரைக் கழற்றினாலும் போன் இணைந்தே இருப்பதால், ஒயர் கழன்றது ஸ்விட்ச்சுக்குத் தெரியாது. பழைய அனுமதி அப்படியே நிற்கும். அதே மேக் அட்ரஸைப் போலியாக வைத்து வேறொருவர் நுழையலாம். ஆகவே நல்ல ஐபி போன்கள், கம்ப்யூட்டர் போய்விட்டது என்ற செய்தியைத் தாமே ஸ்விட்ச்சுக்கு அனுப்புகின்றன.

வீட்டு ரௌட்டரில் மேக் ஃபில்டர் போட்டிருப்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். ஆண்ட்ராய்ட் 10 (2019), ஐஓஎஸ் 14 (2020) முதல் போன்கள் வைஃபையில் உண்மையான முகவரிக்குப் பதில் வேறொரு முகவரியைக் காட்டுகின்றன. போன் திடீரென இணைய மறுத்தால், உங்கள் வீட்டு வைஃபைக்கு மட்டும் அந்த வசதியை நிறுத்திப் பாருங்கள்.