அன்னையின் வாய்ப்புண்ணும் பிள்ளைகளின் கடமையும்

களனி கங்கை கடலோடு கலக்கும் இடத்தை அடுத்திருப்பதால் முகத்துவாரம் எனப் பெயர் பெற்றது கொழும்பின் வடகோடி. மீன்பிடித் துறையும் தொழிலாளர் குடியிருப்புகளும் நெருங்கிய அப்பகுதியில் ஒரு சாதாரணத் தமிழ் வீட்டை மனக்கண்முன் கொண்டுவருவோம். பகலுணவு முடிந்ததும் வெற்றிலைத் தட்டத்தை முன்னே இழுத்துவைத்துப் பாக்குவெட்டியைக் கையிலெடுத்தால்தான் அவ்வீட்டு அம்மாவுக்குப் பொழுது நகரும். அத்தகைய அம்மா சில நாட்களாகக் குழம்பை ஒதுக்கிவிட்டுச் சோற்றில் மோரை ஊற்றி உண்கின்றார். ஏனென்று மகள் வினவினால், "சூட்டுப்புண், பிள்ளை, தானாய் மாறிவிடும்" என்கின்றார். மூன்று வாரம் சென்றும் அது மாறவில்லை. இனி அந்த வீட்டில் நடக்க வேண்டியது யாது? அதனையே இங்கு ஆராயப் புகுகின்றோம்.

இரண்டு மூன்று வாரங்களில் மாறாத புண், கன்னத்தின் உட்புறத்திலோ நாக்கிலோ தோன்றும் வெண்ணிறத் தழும்பு அல்லது செந்நிறத் தழும்பு, தடிப்பு, உறைப்புப் பட்டதும் எழும் எரிவு, வாயை முன்போல் அகலத் திறக்க இயலாமை ஆகியவற்றுள் எது தோன்றினும் வாயை வைத்தியரிடம் காட்டுதல் வேண்டும். இவை உடையோர் அனைவரும் புற்றுநோயாளர் அல்லர். கூரிய பல் உராய்வதாலும் புண் உண்டாகும். ஆனால் எது எத்தகையது என்பதை வீட்டிலிருந்து தீர்மானித்தல் இயலாது. "நோவில்லையே, பிறகு பார்க்கலாம்" என்பதும் பிழையான ஆறுதலாகும். தொடக்கத்தில் இந்நோய் பெரும்பாலும் நோவைத் தருவதில்லை.

வெற்றிலைக்கும் இந்நோய்க்கும் உள்ள தொடர்பு புதிதாக அறியப்பட்டதன்று. இன்று கன்னியாகுமரி மாவட்டத்திலும் அன்று திருவிதாங்கூரிலும் அடங்கிய நெய்யூரில், மிஷன் வைத்தியசாலையிற் பணியாற்றிய ஐ. எம். ஓர் என்னும் வைத்தியர், வெற்றிலை போடுவோரிடையே தாம் கண்ட வாய்ப் புற்றுநோயைப் பற்றி 1933ஆம் ஆண்டிலேயே லண்டனிலிருந்து வெளிவரும் 'லான்செட்' வைத்திய இதழில் எழுதினார். புகையிலையை நீக்கிவிட்டாற் கேடில்லை என நம்மிற் பலர் நெடுங்காலம் நம்பியிருந்தோம். உலக சுகாதார ஸ்தாபனத்தைச் சார்ந்த புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் 2004இல் வெளியிட்ட நூலில், பாக்கு மட்டுமே தனித்துப் புற்றுநோயை விளைவிக்கவல்லது என்று கூறி அந்நம்பிக்கையைத் தகர்த்தது. இலங்கை ஆண்களிடையே காணப்படும் புற்றுநோய்களுள் முதலிடம் வகிப்பது வாய்ப் புற்றுநோயே. வெற்றிலை போடும் பெண்களும் இதற்கு விலக்கல்லர்.

இனி நாம் முக்கியமாகக் கருதும் ஒரு செய்தியைக் கூறுவோம். இலங்கையில் நடைபெற்ற ஓர் ஆய்வு 1984இல் உலக சுகாதார ஸ்தாபனத்தின் இதழில் வெளியாயிற்று. வைத்தியரல்லாத 34 சுகாதார ஊழியர்களுக்கு வாயைப் பரிசோதிக்கும் முறை கற்பிக்கப்பட்டது. அவர்கள் ஓராண்டுக் காலத்தில் 28,000க்கு மேற்பட்டோரின் வாயைப் பார்வையிட்டு, ஐயத்துக்கிடமான 1,220 பேரை மேற்பரிசோதனைக்கு அனுப்பினர். அவ்வாறு சென்றோர் 660 பேர் மட்டுமே. எஞ்சிய 560 பேரும் போகவில்லை. ஐயம் தோன்றிய பின்னரும் ஏறக்குறையச் சரிபாதியினர் வைத்தியசாலையின் வாயிலை மிதிக்கவில்லை என்பது இதன் பொருள்.

அச்சம், செலவைப் பற்றிய கவலை, உடன்வர ஆளில்லாமை எனத் தடைகள் பலவாகலாம். அவற்றை நீக்கக்கூடியவர்கள் வீட்டிலுள்ள பிள்ளைகளே. வைத்தியம் செய்தல் பிள்ளையின் வேலையன்று. வைத்தியரிடம் கொண்டுபோய்ச் சேர்த்தலே பிள்ளையின் வேலை.

முதலாவதாக, கடிந்து பேசுதல் கூடாது. "வெற்றிலை போடாதீர்கள் என்று எத்தனை முறை சொன்னேன்!" என்று தொடங்கினால் அம்மா வாயை மூடிக்கொள்வார். "ஒருக்கால் வெளிச்சத்தில் காட்டுங்கோ, அம்மா" என்று அன்பாகக் கேட்டாற் காட்டுவார். அன்றே வெற்றிலைத் தட்டத்தை எடுத்துவைத்துவிடுதல் நன்று. ஆயினும் பாக்கு மனிதரைத் தன்வயப்படுத்தும் பொருளாதலால், நெடுநாட் பழக்கத்தை ஒருநாளில் விடுதல் எளிதன்று. முதல் சில நாட்கள் அம்மா சினந்து பேசினாலும் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

இரண்டாவதாக, காலந் தாழ்த்தாது பல் வைத்தியரிடம் அழைத்துச் செல்ல வேண்டும். கொழும்பில் உள்ளோருக்கு வோட் பிளேசில் அமைந்துள்ள தேசிய பல் போதனா வைத்தியசாலை தூரமன்று. அரசாங்க வைத்தியசாலையாதலால் பணமின்மை ஒரு தடையாகாது. எத்தனை ஆண்டு வெற்றிலை போட்டார், புண் எப்போது தோன்றியது, நீரிழிவு உண்டா, என்ன மருந்து உட்கொள்கின்றார் ஆகியவற்றைத் தாளில் எழுதிக்கொண்டு போதல் நலம். சிங்களமோ ஆங்கிலமோ அறியாத தாய்க்கு வைத்தியர் கூறுவதை உள்ளவாறே எடுத்துச் சொல்வதும் பிள்ளையின் பொறுப்பாகும்.

வைத்தியர் தேவை எனக் கண்டால், விறைக்கப்பண்ணும் ஊசியைப் போட்டுப் புண்ணிலிருந்து சிறு துண்டைக் கத்தரித்தெடுத்து, நுணுக்குக்காட்டியின்கீழ் வைத்துச் சோதிக்க அனுப்புவார். "கத்தி பட்டால் நோய் பரவும்" என அயலவர் கூறுவர். அதற்கு ஆதாரமில்லை. அப்பரிசோதனையின்றி உண்மையை அறிய வழியுமில்லை.

முடிவு வரும்வரையுள்ள நாட்களே குடும்பத்தைப் பெரிதும் வருத்துவன. அந்நாட்களில் உறைப்பும் புளிப்பும் குறைத்து, கஞ்சி, பால்சொதி விட்டுக் குழைத்த இடியப்பம், நன்கு மசித்த பருப்பு முதலியவற்றை ஆறவைத்துக் கொடுக்கலாம். கண்ட கண்ட தைலங்களைப் புண்ணிற் பூசலாகாது. லண்டனிலும் கனடாவிலும் உள்ள பிள்ளைகள் தொலைபேசியில் ஆளுக்கொரு யோசனை கூறுவது நம் வீடுகளில் இன்று வழக்கமாகிவிட்டது. அவர்களின் அன்பை ஐயுறவில்லை. எனினும் அருகிலிருக்கும் ஒருவரே பொறுப்பை ஏற்று, ஏனையோர் அவருக்குத் துணைநிற்பதே நன்று.

முடிவு புற்றுநோய் என்று வந்துவிட்டால், "அம்மாவிடம் சொல்லாதீர்கள், தாங்கமாட்டார்" என்று வைத்தியரை மன்றாடுவோர் பலர். நாம் இதனை ஏற்கவில்லை. பிள்ளைகளின் முகத்தைப் பார்த்தே தாய் அறிந்துகொள்வார். அறிந்தபின் யாரிடமும் பேச முடியாமல் தனித்துத் துயருறுவார். கேட்டறியும் உரிமை நோயுற்றவருக்கே முதலில் உரியது. அவர் கேட்குமளவுக்கு, பொய் கலவாது, மெதுவாகச் சொல்லுதலே முறை.

மகரகம என்ற பெயரைக் கேட்டதும் நடுங்குவோர் நம்மிடையே உளர். அங்குள்ள அபேக்ஷா வைத்தியசாலைக்குப் போனவர் திரும்பார் என்பது பழைய அச்சம். நோய் முற்றிய பின்னரே பலர் சென்றமையால் விளைந்த அச்சம் அது. சிறிதாயிருக்கையிற் கண்டுபிடித்தால் சத்திரசிகிச்சை மட்டுமே பலருக்குப் போதுமானதாகின்றது. முற்றியபின் கதிர்வீச்சும் மருந்தும் சேர்ந்து வேண்டப்படும். திருவனந்தபுர மாவட்டத்தில் நடைபெற்று 2005இல் வெளியான பேராய்வில், புகையிலை அல்லது மதுப் பழக்கமுடையோரின் வாயைக் காலந்தோறும் பார்வையிட்டமையால், வாய்ப் புற்றுநோய் மரணங்கள் 34 வீதம் குறைந்தமை கண்டறியப்பட்டது. வெறுங்கண்ணாற் பார்த்த பார்வைக்கே இத்துணைப் பயன் உண்டு.

ஆகவே, இதனை வாசிக்கும் மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஞாயிற்றுக்கிழமையில் எல்லோரும் வீட்டிலிருப்பீர்கள். வெற்றிலை போடும் பாட்டியையோ, சுருட்டுப் புகைக்கும் தாத்தாவையோ யன்னலோரம் அமர்த்தி, வாயைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். ஐயத்துக்கிடமாக ஏதேனும் கண்டால் பெற்றோரிடம் கூறுங்கள். வைத்தியசாலைக்குப் புறப்படும் நாளில் நீங்களும் உடன்செல்லுங்கள். முன்பு போகாதிருந்த அந்த 560 பேரின் வரிசையில் உங்கள் வீட்டார் ஒருவரேனும் சேராதிருக்கட்டும்.