ஏரிக்கரை ஊரும் நம் குரலும்



வெளி மாநிலங்களில் வாழும் நம்மவர் இல்லங்களில் நாள்தோறும் காணக்கூடிய ஒரு காட்சியை முதலில் சொல்கிறேன். காலைக் காப்பியுடன் குடும்பத் தலைவர் தமிழ்ச் செய்தித்தாளை விரிக்கிறார். வைகையில் எத்தனை அடி நீர் நிற்கிறது, தாமிரவருணிக் கரையில் என்ன தகராறு, சொந்த ஊர்ப் பேருந்து நிலையத்தை எங்கே மாற்றப் போகிறார்கள் என்பனவெல்லாம் அவருக்குத் தெரியும். ஆனால் தம் தெருக் குழாயில் மூன்று நாளாக ஏன் தண்ணீர் வரவில்லை என்று கேட்டால், 'நமக்கென்ன தெரியும்? இந்த ஊர் நிர்வாகமே இப்படித்தான்' என்று சொல்லிவிட்டுத் தாளின் அடுத்த பக்கத்திற்குப் போய்விடுகிறார்.

பிறந்த ஊரின்பால் உள்ள பற்றைக் குறை கூறுவது என் நோக்கமன்று. வாழும் ஊரின் செய்தியை அறியாதவனுக்கு அவ்வூரின் முடிவுகளில் பங்கில்லாமற் போகிறது என்பதையே இன்று விளக்க விரும்புகிறேன். நான் வாழும் செகந்திராபாத்தையே உதாரணமாகக் கொள்கிறேன்.

இந்த ஊர் ஏரிக்கரையில் பிறந்த ஊர். உசேன் சாகர் என்னும் பேரேரி, கோல்கொண்டாவை ஆண்ட இப்ராஹிம் குலி குதுப் ஷாவின் காலத்தில், 1562ஆம் ஆண்டை ஒட்டி, உசேன் ஷா வலி என்பவரின் மேற்பார்வையில் வெட்டப்பட்டது. 1798இல் நிஜாமுக்கும் ஆங்கிலேயருக்கும் ஏற்பட்ட உடன்படிக்கையின் விளைவாக, இந்த ஏரிக்கு வடகிழக்கே ஆங்கிலப் படை கூடாரம் அடித்தது. 1806இல் அந்தப் பாளையத்திற்கு நிஜாம் சிக்கந்தர் ஜாவின் பெயர் இடப்பட்டது. படை என்னும் பொருளில் 'லஷ்கர்' என்று இவ்வூரை இன்றும் பழையவர்கள் அழைக்கிறார்கள்.

சென்னைப் படையோடு தமிழரும் வந்தனர். சிப்பாய்களாகவும், கணக்கர்களாகவும், ஒப்பந்தக்காரர்களாகவும், வணிகர்களாகவும் வந்த அவர்கள் மூட்டையைக் கட்டி வைத்துக்கொண்டு ஊர் திரும்பும் நாளை எண்ணிக் கொண்டிருக்கவில்லை. சோமசுந்தரம் முதலியார் 1862இல் இங்கே ஒரு பள்ளியைத் தோற்றுவித்தார். அதுவே பின்னர் மகபூப் கல்லூரி என்று பெயர் பெற்றது. 1893 பிப்ரவரி 13ஆம் நாள், சிகாகோ செல்வதற்கு முன்னர், சுவாமி விவேகானந்தர் சொற்பொழிவாற்றியது அந்தக் கல்லூரியில்தான். திவான் பகதூர் பத்மாராவ் முதலியாரின் பெயரைப் பத்மாராவ் நகர் இன்றும் தாங்கி நிற்கிறது. ஊரின் பெயர்ப் பலகையில் நம்மவர் பெயர் ஏறியதற்குக் காரணம், அவர்கள் இந்த ஊரின் காரியங்களில் கலந்துகொண்டதே அன்றி வேறில்லை.

இனி, ஓர் ஊரின் செய்தி எங்கே பிறக்கிறது, அது எவ்வாறு ஊர்க் கருத்தாக மாறுகிறது என்பதைப் பார்ப்போம்.

செய்தி முதலில் வாய்மொழியாகவே பிறக்கிறது. இரானி ஓட்டலின் தேநீர் மேசையிலும், காய்கறிச் சந்தையிலும், இரயில் நிலைய நடைமேடையிலும் அது உலாவுகிறது. ஆனி, ஆடி மாதங்களில் வரும் போனாலுத் திருவிழாவில் இதற்கு ஓர் அரிய சான்று உண்டு. உஜ்ஜயினி மகாங்காளி கோயிலில் திருவிழாவின் மறுநாள் 'ரங்கம்' நடைபெறுகிறது. சுடாத பச்சை மண்பானையின்மேல் ஒரு பெண்மணி நின்று அம்மனின் வாக்காக அருள் கூறுகிறார். மழை உண்டா, நோய் வருமா, மக்கள் செய்த குறை என்ன என்றெல்லாம் அந்த வாக்கு அமைகிறது. மறுநாள் செய்தித்தாள்கள் அதனை வெளியிடுகின்றன. நம்புவோர் நம்பட்டும், ஐயுறுவோர் ஐயுறட்டும். ஊரின் அச்சமும் ஆசையும் ஊரார் முன்னிலையில் வாய்விட்டுச் சொல்லப்படும் நாள் அது என்பதில் ஐயமில்லை.

அடுத்தது அச்சில் வரும் செய்தி. தெலுங்கு, உருது, ஆங்கிலம் ஆகிய மூன்று மொழிகளிலும் நாளிதழ்களின் நகரப் பக்கங்கள் இங்கே உள்ளன. 'எனக்குத் தெலுங்கு படிக்க வராது' என்று சொல்லும் அன்பர், தெலுங்குத் திரைப்படத்தின் வசனத்தை மட்டும் தடையின்றிப் புரிந்துகொள்கிறார்! ஒரு நாளைக்கு ஐந்து எழுத்து வீதம் கற்றாலும் ஒரு மாதத்திற்குள் கடைப் பலகைகளைப் படிக்கத் தொடங்கலாம்.

மூன்றாவது வகைச் செய்தியே மிக முக்கியமானது. நம்மவர் பெரும்பாலும் கவனியாமல் விடுவதும் அதுவே. அதுதான் அறிவிப்பு. சாலையை அடைக்கப் போகிறோம், வரியை மாற்றப் போகிறோம், நிலத்தை வேறு காரியத்திற்குக் கொடுக்கப் போகிறோம், ஆட்சேபம் உள்ளவர்கள் இத்தனை நாட்களுக்குள் எழுதித் தரலாம் என்று கூறும் சிறிய தாள் அது. முன்னைய இரண்டு வகைச் செய்திகளும் நடந்ததைச் சொல்கின்றன. இதுவோ நடக்கப் போவதைச் சொல்கிறது. அதோடு நம் கருத்தையும் கேட்கிறது.

இதனை நான் நூலிலிருந்து கற்றுக்கொள்ளவில்லை, பட்டுத் தெரிந்துகொண்டேன். மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் மொழிபெயர்ப்பு என் தொழில். சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் தெருவின் கோடியில் இருந்த ஒரு நடைபாதையைச் சுவர் எழுப்பி மூடினார்கள். கோயிலுக்கும் பள்ளிக்கும் அதுவே குறுக்கு வழி. கூடி நின்று வெகுண்டோம். மளிகைக் கடைக்காரர் எங்களைப் பார்த்து, 'சார், பதினைந்து நாளாக என் கடைச் சுவரில் தாள் ஒட்டியிருந்ததே, தாங்கள் பார்க்கவில்லையா?' என்று கேட்டார். பார்த்தேன். நாள்தோறும் பால் வாங்கும்போது அந்தத் தாளைக் கண்டேன். பிறர் எழுதியதை மொழிபெயர்த்துச் சம்பளம் வாங்கும் நான், என் தெருவுக்கு வந்த கடிதத்தை ஒரு முறையேனும் நின்று படிக்கவில்லை. கெடு கடந்துவிட்டது. எதிர் வீட்டு மாமி முழங்கால் வலியோடு சுற்றுவழியாகவே இன்றும் கோயிலுக்குப் போகிறார். என்னைக் காணும்போதெல்லாம் அவர் ஒன்றும் சொல்வதில்லை. அதுதான் எனக்கு வருத்தம்.

இவ்விடத்தில் சட்டம் என்ன கூறுகிறது என்பதையும் அறிந்துகொள்வது நலம். செகந்திராபாத்தின் ஒரு பெரும் பகுதி கண்டோன்மென்ட் போர்டின் ஆட்சிக்கு உட்பட்டது. 2006ஆம் ஆண்டின் கண்டோன்மென்ட் சட்டம், 258ஆம் பிரிவில், பாதுகாப்புக் காரணம் இன்றித் தெருவை நிரந்தரமாக மூடலாகாது என்றும், மூடுவதற்கு முன் பொது அறிவிப்புச் செய்து மக்களின் ஆட்சேபங்களையும் யோசனைகளையும் கேட்க வேண்டும் என்றும் கூறுகிறது. இராணுவப் பகுதிச் சாலைகள் பல மூடப்பட்டபோது, அவற்றின் வழியே அலுவலகத்திற்கும் மருத்துவமனைக்கும் சென்றுவந்த மக்கள் இந்தச் சட்டத்தையே பிடித்துக்கொண்டனர். மனுக்கள் எழுதினர், கூட்டங்கள் நடத்தினர். 2018 மே மாதத்தில், நாடெங்கும் கண்டோன்மென்ட்டுகளில் மூடிய சாலைகளைத் திறக்குமாறு பாதுகாப்பு அமைச்சகம் உத்தரவிட்டது. படையினரின் குடும்பங்களோ தம் பாதுகாப்புக் குறித்து அச்சம் தெரிவித்தன. பூசல் அத்துடன் தீரவில்லை. இரு சாராரின் கவலையிலும் நியாயம் உண்டு. இரண்டும் எழுத்தில் வந்ததனால்தான் அவற்றைச் சீர்தூக்கிப் பார்க்க முடிந்தது.

மற்றோர் உதாரணம். 2017இல் செகந்திராபாத் பைசன் போலோ மைதானத்தைப் பெற்று அங்கே புதிய தலைமைச் செயலகம் கட்ட மாநில அரசு விரும்பியது. காலையில் நடைபயில்வோரும், விளையாட்டு வீரர்களும், ஓய்வு பெற்ற படை அதிகாரிகளும் திறந்த வெளி போய்விடுமே என்று குரல் எழுப்பினர். உயர் நீதிமன்றத்தில் வழக்கும் தொடுத்தனர். முடிவில் 2019இல் பழைய செயலகம் இருந்த இடத்திலேயே அடிக்கல் நாட்டப்பட்டு, 2023 ஏப்ரல் 30ஆம் நாள் உசேன் சாகர் அருகில் புதிய கட்டிடம் திறக்கப்பட்டது. மக்களின் குரல் ஒன்றே இதற்குக் காரணம் என்று நான் சொல்ல வரவில்லை. ஆயினும் மைதானம் மைதானமாகவே எஞ்சியது.

ஊர்க் கருத்து என்பது ஒரே கருத்தன்று என்பதையும் மறத்தல் கூடாது. அந்த ஏரியையே பாருங்கள். குக்கட்பல்லி, பிக்கெட், பஞ்சாரா, பல்காபூர் என்னும் நான்கு கால்வாய்கள் அதில் வந்து கலக்கின்றன. ஒரு காலத்தில் குடிநீர் தந்த ஏரிக்கு அவை கழிவையும் கொண்டுவந்து சேர்த்தன. நம் வீட்டில் கொட்டும் அழுக்கு நீரும் எங்கோ சென்று மறைவதில்லை. விநாயக சதுர்த்தியின் பின் பல்லாயிரம் உருவங்கள் அந்த ஏரியில் கரைக்கப்படுகின்றன. 2021 செப்டம்பரில் தெலங்கானா உயர் நீதிமன்றம், பிளாஸ்டர் ஆப் பாரிஸ் கொண்டு செய்த உருவங்களை உசேன் சாகரில் கரைக்கலாகாது என்று ஆணையிட்டது. உச்ச நீதிமன்றம் அவ்வாண்டுக்கு மட்டும், கடைசி வாய்ப்பாக, இசைவு தந்தது. பக்தர்களுக்கு மரபு பெரிது. உருவம் செய்வோருக்குப் பிழைப்பு பெரிது. கரையில் வாழ்வோருக்குத் தூய நீர் பெரிது. மூவரும் இவ்வூராரே. ஒருவர் பேசாதிருந்தால் அவர் கருத்து இல்லையென்றே கொள்ளப்படும்.

சரி, புலம்பெயர்ந்த ஒருவர் செய்யத் தக்கது யாது?

முதலாவது, வாக்காளர் பட்டியல். சொந்த ஊரில் வீடு இருக்கிறது, ஆகவே பெயரும் அங்கேயே இருக்கட்டும் என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். 1950ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் இதனைத் தெளிவாக விளக்குகிறது. வீடு சொந்தமாக இருப்பதனால் மட்டும் ஒருவர் அவ்விடத்தில் வழக்கமாக வசிப்பவர் ஆகார். ஒன்றுக்கு மேற்பட்ட தொகுதிகளில் பெயரைப் பதிவு செய்தலும் கூடாது. குடியிருப்பு மாறியவர்கள் 8ஆம் எண் படிவத்தை நிரப்பிக் கொடுத்தால் பெயர் புதிய இடத்திற்கு மாறும். ஊர்ப் பட்டியலிலிருந்து பெயர் நீங்குகிறதே என்று மனம் கலங்கும், எனக்கும் கலங்கியது. ஆயினும் ஆண்டுக்கு ஒருமுறை காணும் தெருவைவிட, அன்றாடம் நடக்கும் தெருவுக்கே நம் வாக்குக் கூடுதலாகத் தேவைப்படுகிறது.

இரண்டாவது, எழுத்து. தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005இல் வந்தது. மத்திய அரசின் கீழுள்ள அலுவலகமாயின் பத்து ரூபாய்க் கட்டணத்துடன் ஒரு விண்ணப்பம் எழுதினால், பொதுவாக முப்பது நாட்களுக்குள் விடை தர வேண்டும். 'யார் முடிவு செய்தார்கள், எந்த நாளில், எந்த அறிவிப்பின்படி?' என்று மூன்றே கேள்விகள் கேட்டாற் போதும். மனு எழுதும்போது வசையை விலக்கி, தெருவின் பெயர், தேதி, குறை, வேண்டுவது ஆகிய நான்கையும் மட்டும் எழுதுங்கள். பத்துப் பக்கக் கோபத்தைக் காட்டிலும் அரைப் பக்கச் செய்தியையே அதிகாரிகள் படிக்கிறார்கள். அலுவலகக் கோப்புகளோடு வாழும் என் அனுபவம் இது.

மூன்றாவது, கூட்டுறவு. தமிழ்ச் சங்கம் பொங்கல் விழாவும் பட்டிமன்றமும் நடத்துவது நன்று. அதன் அறிவிப்புப் பலகையில் ஒரு மூலையை உள்ளூர் அறிவிப்புகளுக்கு ஒதுக்கினால் என்ன? தெலுங்கு அறிந்த இளைஞர் ஒருவர் வாரம் ஒருமுறை அவற்றைத் தமிழில் நான்கு வரி எழுதி ஒட்டலாம். வேலைக்குப் போகாத பெண்களும் முதியோரும் தண்ணீர், குப்பை, தெருவிளக்கு ஆகியவற்றின் குறைகளை மற்றவரைவிட நன்கு அறிவார்கள். அவர்களின் சொல்லையும் மனுவில் சேர்க்க வேண்டும். அண்டை வீட்டுத் தெலுங்கரையும், உருது பேசும் நண்பரையும் உடன் சேர்த்துக்கொண்டு கையெழுத்திட்டால், அது தமிழரின் குறையாக இராது, தெருவின் குறையாகிவிடும்.

என் தவற்றுக்குப் பின் நான் ஒரு சிறு வழக்கத்தை மேற்கொண்டேன். பால் வாங்கச் செல்லும்போது கடைச் சுவரில் உள்ள தாள்களை நின்று படிக்கிறேன். சென்ற மாதம் ஒரு புதிய தாளைக் கண்டேன். தெருவின் மழைநீர்க் கால்வாயை மாற்றி அமைப்பது பற்றிய அறிவிப்பு அது. ஆட்சேபம் தெரிவிக்க இன்னும் ஒன்பது நாட்கள் இருந்தன. அன்று மாலையே எங்கள் வீட்டுத் திண்ணையில் பதினோரு பேர் கூடினோம். முதற் கையெழுத்தை எதிர் வீட்டு மாமி இட்டார்.