பாடநூல் ஓரத்துக் கறுப்புவெள்ளைக் கட்டம்

2018-19 கல்வியாண்டில் தமிழ்நாட்டில் 1, 6, 9, 11 ஆம் வகுப்புகளுக்குப் புதிய பாடநூல்கள் வந்தன. கூடவே பக்கங்களில் கறுப்புவெள்ளைக் கட்டங்களும். முன்பக்கக் குறிப்பு ‘விரைவுக் குறியீடு’, ‘செயலி’, ‘பதிவிறக்கம்’ என்று பேசுகிறது. பக்கெட் வீல், கன்வேயர், ஓவர்பர்டன் என்று சுரங்கப் பேச்சைக் கேட்டு வளர்ந்த எங்கள் நெய்வேலிக்காரர்கூட இதில் சற்றுத் தயங்கலாம். சுரங்கச் சொற்களை அகராதி பார்த்தா கற்றோம்? எந்திரத்தின் பக்கத்தில் நின்று கற்றோம். இதற்கும் புத்தகத்தைத் திறந்து, போனைக் கையில் எடுத்துவிடுவதே மேல்.

விரைவுக் குறியீடு என்பது க்யூஆர் கோடு. 1994இல் ஜப்பானின் டென்சோ வேவ் நிறுவனம் வாகன உதிரிப்பாகங்களைக் கணக்கு வைக்க உருவாக்கியது. மூன்று மூலைகளில் உள்ள பெரிய சதுரங்களை வைத்துத்தான் கேமரா கட்டத்தின் திசையை அறிகிறது. அதனால் புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்தாலும் பரவாயில்லை. லேசாக மை கொட்டினாலும் பெரும்பாலும் படித்துவிடும், பிழையைச் சரிசெய்யும் கணக்கு உள்ளேயே இருக்கிறது.

பலரும் நினைப்பதுபோல அந்தக் கட்டத்துக்குள் பாடமோ வீடியோவோ கிடையாது. ‘வட்டம் இத்தனை, தெரு இன்னது, வீட்டு எண் இவ்வளவு’ என்று நெய்வேலி முகவரி எழுதிய சீட்டு மாதிரிதான் அது. வீடு எங்கோ ஒரு சர்வரில் இருக்கிறது. அங்கே போய்ச் சேர இணையம் வேண்டும். ‘இணையச் செயல்பாடு’ பகுதியில் வரும் ‘உரலி’யும் இதேபோன்ற முகவரிதான், எழுத்தில் இருக்கிறது, அவ்வளவே.

செயலி என்றால் போனில் நாம் நிறுவும் ஆப். ‘நுண்செயலி’ வேறு, அது போனுக்குள் இருக்கும் சில்லு. பாடநூல் கட்டங்களைத் திறக்கும் ஒரு செயலி, மத்திய அரசு 2017இல் தொடங்கிய தீக்‌ஷா. கேமரா சரியில்லையா? கட்டத்தின் கீழே அச்சிட்டிருக்கும் ஆறெழுத்துக் குறியீட்டைத் தட்டச்சு செய்தாலும் அதே பாடம் வரும். பலருக்கு இது தெரியாது என்பதுதான் வருத்தம்.

பதிவிறக்கம், அந்தப் பாடத்தை போனுக்கே கொண்டுவந்து வைப்பது. சிக்னல் நன்றாக இருக்கும் நேரத்தில் இறக்கிவிட்டால், டேட்டா தீர்ந்த பிறகும் பிள்ளை பார்க்கலாம். சேமிப்பிடம் நிறைந்துவிட்டால், பார்த்து முடித்ததை அழிக்கலாம். மூலம் சர்வரில் அப்படியே இருக்கும்.

ஓர் எச்சரிக்கை: கடையில் பணம் செலுத்த ஸ்கேன் செய்வதும் இதே வகைக் கட்டம்தான். அங்கே முகவரிக்குப் பதில் பணம் பெறுபவரின் விவரம் இருக்கும். பார்வைக்கு வேறுபாடு தெரியாது. ஆகவே யாரோ வாட்ஸ்ஆப்பில் அனுப்பிய கட்டத்தைப் பாடம் என்று நம்பி ஸ்கேன் செய்யும் முன், திரையில் வரும் முகவரியை ஒருமுறை படியுங்கள்.