சுங்கானும் அதனைப் பேணும் முறையும்

வன்னியிற் புகைப்போர் பெரும்பாலும் கைக்கொண்டது சுருட்டே. சுங்கானோ வெள்ளைக்கார அதிகாரிகளையும் அவர்களைப் பின்பற்றிய உத்தியோகத்தரையுமே சார்ந்திருந்தது. 2008, 2009ஆம் ஆண்டுகளின் இடப்பெயர்வில் இங்குள்ள வீடுகள் பழம்பொருள்களைப் பெரிதும் இழந்தன. தப்பியவற்றுள் பாட்டனாரின் சுங்கானொன்று இருக்குமாயின், அதன் இயல்பறிந்து பேணுதல் தக்கதென எண்ணுகிறோம்.

நேர்த்தண்டும் வளைதண்டுமாகச் சுங்கான்கள் பலவாம். வளைந்தது பல்லுக்குப் பாரமாகாது. மட்சுங்கான் எளிதில் உடையும். துருக்கியின் எஸ்கிசெகிரில் அகழப்படும் மீர்ச்சம் என்னும் வெண்ணிறக் கனிமத்தாலானது, புகைக்கப் புகைக்கத் தேன்நிறம் பெறும். மிகுதியாக வழங்குவது பிரையர். மத்தியதரைக் கடலோரச் செடியொன்றின் வேர்முடிச்சாகிய இது தீயை நன்கு தாங்கும்.

பற்றவைத்துப் பார்க்குமாறு நாம் சொல்லோம். புகையை உள்ளிழுக்காது வாயளவில் நிறுத்துவோர் தமக்குத் தீங்கில்லையென்பர். உதட்டிலும் வாயிலும் தொண்டையிலும் புற்றுநோய் விளைவதை மருத்துவம் ஐயமற நிறுவியுள்ளது.

பிரையரை நீரில் ஊறவிடுதல் பெருங்கேடு. துளையை ஸ்பிரிற்றில் தோய்த்த திரியாலே துடைக்கலாம். கிண்ணத்தின் உட்கரியை மரந்தெரியச் சுரண்டலாகாது. மெல்லிய படையொன்றை விட்டுவிடுக. தண்டு இறுகியிருப்பின் வலிந்து திருகாது, குளிர்சாதனப் பெட்டியிற் சிறிது நேரம் வைத்தெடுத்தால் தளரும். கறுத்த வல்கனைற்று வாய்ப்பிடி வெயில்பட்டாற் பசுமை கலந்த பழுப்பாகும். ஆதலின் கண்ணாடி அலுமாரியினும் மூடிய பேழையே ஏற்றது.